உலாவி புதுப்பித்ததும் துணைநிரல் படுத்துவிட்டதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

முதலில் ஒரு வேண்டுகோள். ஃபயர்பாக்ஸ், குரோம் போன்ற உலாவியோடு கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்தான் துணைநிரல். அது வேலை செய்யவில்லை என்றால் நீக்காதீர்கள். அணைத்து மட்டும் வையுங்கள்.

ரங்கூனில் கோயில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுக்கும் அக்கா ஒருவர், மூன்று வருடப் பாடக் குறிப்புகளை ஒரு குறிப்பேட்டுத் துணைநிரலுக்குள்ளேயே எழுதி வந்தார். ஒவ்வொரு தமிழ்ச் சொல்லுக்கும் பக்கத்தில் பர்மிய அர்த்தம், அதன் கீழே பிள்ளைகளுக்கு ஒரு வாக்கியம். ஒரு காலையில் உலாவி தானாகப் புதுப்பித்துக்கொண்டது, குறிப்பேடு திறக்கவில்லை. "எடுத்துட்டு மறுபடி போடுங்கக்கா, சரியாயிடும்" என்று பக்கத்து வீட்டுப் பையன் சொல்ல, அவரும் அப்படியே செய்தார். குறிப்பேடு திறந்தது. உள்ளே ஒரு வரிகூட இல்லை. கணினியை என்னிடம் கொண்டுவந்து, "தம்பி, நோட்டு எங்கயாச்சும் உள்ள ஒளிஞ்சிருக்குமா?" என்று கேட்டார். துணைநிரலை நீக்கும்போது அது கணினியில் சேமித்ததையும் உலாவி சேர்த்தே அழித்துவிடும். அவருக்கு என்னால் எதையும் மீட்டுத் தர முடியவில்லை. இந்தக் குறிப்பை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

ஃபயர்பாக்ஸில் ஆட்-ஆன் என்பார்கள், குரோமில் எக்ஸ்டென்ஷன் என்பார்கள். இங்கே இரண்டுமே துணைநிரல்தான்.

இன்னொன்றையும் தெரிந்துகொண்டால் தேடல் எளிதாகும். ஃபயர்பாக்ஸ் 4 வந்தது 2011 மார்ச் 22. அதே வருடம் ஜூன் 21-இல் 5 வந்துவிட்டது. அன்றிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒரு பதிப்பு, 2020 முதல் நான்கு வாரத்துக்கு ஒன்று. குரோம் 2021 செப்டம்பரில் வந்த 94-ஆம் பதிப்போடு நான்கு வாரக் கணக்குக்கு மாறியது. தொடக்க காலத்தில் "இந்தப் பதிப்பு வரைக்கும்தான் ஓடும்" என்று துணைநிரலிலேயே எழுதியிருக்கும். அதனால் ஒவ்வொரு புதுப்பிப்பிலும் பாதி துணைநிரல்கள் முடங்கியதாக ஆட்கள் வந்து நிற்பார்கள். 2012 ஜனவரியில் வந்த ஃபயர்பாக்ஸ் 10, எதிர்மாறாகத் தெரியும் வரை எல்லாம் பொருந்தும் என்றே எடுத்துக்கொள்ளத் தொடங்கியது. ஆகவே இன்று பதிப்பு எண் கூடியதாலேயே ஒரு துணைநிரல் நின்றுபோவது அபூர்வம். வேறு ஏதோ மாறியிருக்கிறது: உலாவியின் விதி மாறியிருக்கலாம், துணைநிரலே மாறியிருக்கலாம், நீங்கள் போகும் தளம் மாறியிருக்கலாம், கணினியின் தேதிகூட மாறியிருக்கலாம். எது மாறியது என்று கண்டுபிடித்துவிட்டால் முக்கால் வேலை முடிந்தது.

அறிகுறி: எல்லாத் துணைநிரல்களும் ஒரே நேரத்தில் அணைந்துவிட்டன

ஒன்றிரண்டு போனால் அந்தத் துணைநிரலைச் சந்தேகிக்கலாம். மொத்தமாகப் போனால் காரணம் பொதுவான ஒன்றாகத்தான் இருக்கும். முதலில் வழக்கமான செய்தித் தளம் ஒன்றைத் திறந்து பாருங்கள். தளங்களும் "இணைப்பு பாதுகாப்பானது அல்ல" என்று மறுக்கின்றனவா, அல்லது தளங்கள் சரியாகத் திறந்து துணைநிரல்கள் மட்டும் கிடக்கின்றனவா?

தளங்களும் மறுத்தால் கணினியின் தேதியைப் பாருங்கள். ரங்கூனில் என்னிடம் வரும் பழைய மேசைக் கணினிகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். தாய்ப்பலகையில் (மதர்போர்டில்) பொத்தான் அளவில் சிஆர் 2032 என்று அச்சிட்ட 3 வோல்ட் பேட்டரி ஒன்று இருக்கும். கணினி அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். சுவரில் கரண்ட் இருக்கும்வரை அந்தப் பேட்டரிக்கு வேலை குறைவு. மணிக்கணக்கில் மின்வெட்டு என்றால் முழுச் சுமையும் அதன் தலையில்தான் விழும், சீக்கிரமே தீர்ந்துவிடும். அடுத்த முறை கணினி எழும்போது தேதி பத்துப் பதினைந்து வருடம் பின்னால் போயிருக்கும். ஒவ்வொரு தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்கும், துணைநிரல் அசல்தான் என்று உலாவிக்குக் காட்டும் கையொப்பத்துக்கும் "இந்த நாள் முதல் இந்த நாள் வரை செல்லும்" என்று வரம்பு உண்டு. கணினி 2009-இல் இருப்பதாக நினைத்தால், நேற்று எழுதிய சான்றிதழ் அதற்கு இன்னும் பிறக்காத சான்றிதழ்.

தேதியைக் கையால் திருத்தினால் அன்றைக்கு ஓடும், அடுத்த மின்வெட்டில் திரும்பவும் போகும். கணினியை அணைத்து, ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கி, பேட்டரியை மாற்றுங்கள். புதியதைப் போடும்போது எழுத்து இருக்கும் பக்கம் மேலே வரவேண்டும். பிறகு விண்டோஸின் நேர அமைப்பில் நேர மண்டலம் ரங்கூனுக்கு உரிய 6:30-இல் இருக்கிறதா என்று பார்த்து, இணையத்தோடு ஒருமுறை ஒத்திசைத்துக்கொள்ளுங்கள்.

தளங்கள் நன்றாகத் திறக்கின்றன, தேதியும் சரி, ஃபயர்பாக்ஸின் துணைநிரல்கள் மட்டும் மொத்தமாகப் போயின என்றால் பதிப்பு எண்ணைப் பாருங்கள். மெனுவில் ஹெல்ப், அதில் அபௌட் ஃபயர்பாக்ஸ். 128-க்குக் கீழே இருந்தால் (பெரிய மாற்றங்கள் வருடத்துக்கு ஒருமுறை மட்டுமே வரும் நீண்டகாலப் பதிப்பாக இருந்தால் 115.13-க்குக் கீழே) காரணம் அதுவேதான். துணைநிரல்களின் கையொப்பத்தைச் சரிபார்க்கப் பழைய பதிப்புகளுக்குள் பதித்திருந்த மூலச் சான்றிதழ் 2025 மார்ச் 14-இல் காலாவதியாகிவிட்டது. மருந்து ஒன்றே: உலாவியைப் புதுப்பியுங்கள். "அப்டேட்டாலதான் எல்லாம் கெடுது" என்று அதை நிறுத்தி வைத்தவர்கள், புதுப்பிக்காததாலேயே துணைநிரல்களை இழந்தார்கள்.

இப்படி முன்பும் ஒருமுறை நடந்தது. 2019 மே 4, சனிக்கிழமை, ரங்கூனில் காலை ஆறரை மணியை ஒட்டி, துணைநிரல்களுக்குக் கையொப்பமிடும் இடைநிலைச் சான்றிதழ் ஒன்று காலாவதியானது. உலகம் முழுக்க ஃபயர்பாக்ஸ் துணைநிரல்கள் அணைந்தன. மறுநாள் 66.0.4 வந்து சரிசெய்தது. அணைத்து வைத்துக் காத்திருந்தவர்களுக்கு எல்லாம் அப்படியே திரும்பக் கிடைத்தது. அவசரப்பட்டு நீக்கிவிட்டு மறுபடி நிறுவியவர்கள், உள்ளே சேமித்திருந்ததை இழந்தார்கள்.

அறிகுறி: ஒன்று மட்டும் போனது, "இனி ஆதரவு இல்லை" என்று எழுதியிருக்கிறது

குரோமில் என்றால் இது மேனிஃபெஸ்ட் மாற்றம். துணைநிரல் எப்படி எழுதப்பட வேண்டும் என்ற விதியின் இரண்டாம் பதிப்பை விட்டுவிட்டு, மூன்றாம் பதிப்பை மட்டுமே குரோம் ஏற்கிறது. வழக்கமான குரோமில் 2024 அக்டோபரிலிருந்து பழையவற்றைப் படிப்படியாக அணைக்கத் தொடங்கினார்கள். 2025 நடுவில் வந்த 138, 139 பதிப்புகளோடு திரும்ப இயக்கும் வழியும் மூடியது. மறுபடி நிறுவியும் பயனில்லை, கணினியைத் துடைத்தும் பயனில்லை.

அதிகம் அடிபட்டவை விளம்பரத் தடுப்பான்கள். முன்பு ஒரு பக்கம் கேட்கும் ஒவ்வொரு கோப்பையும் துணைநிரலே நிறுத்திப் பார்த்து, விடலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும். புது விதியில் தடுக்க வேண்டியவற்றின் பட்டியலை முன்கூட்டியே உலாவியிடம் கொடுத்துவிட வேண்டும், தடுப்பதை உலாவி பார்த்துக்கொள்ளும். யூபிளாக் ஆரிஜின் குரோமில் நின்றுபோய், யூபிளாக் ஆரிஜின் லைட் என்ற எளிய வடிவம் அதன் இடத்துக்கு வந்தது இதனால்தான். சாதாரணமாகச் செய்தி படிப்பவருக்கு லைட் போதும். முழுமையான தடுப்பான் வேண்டும் என்றால் ஃபயர்பாக்ஸுக்கு மாறுங்கள், அங்கே இரண்டாம் பதிப்பு இன்னும் ஓடுகிறது. போன் டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் நம் ஊரில், தானே ஓடும் விளம்பர வீடியோக்களைத் தடுப்பது காசு மிச்சம் பிடிக்கும் காரியம். அதற்காகவே நான் ஃபயர்பாக்ஸைச் சொல்கிறேன்.

ஃபயர்பாக்ஸிலும் இப்படி ஒரு வெட்டு விழுந்ததுண்டு. 2017 நவம்பர் 14-இல் வந்த 57, பழைய பாணித் துணைநிரல்கள் அனைத்தையும் கைவிட்டது. புதிதாக எழுதப்படாத எதுவும் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. பழைய சிடியிலிருந்தோ பென்டிரைவிலிருந்தோ அந்தக் காலத் துணைநிரல் கோப்பை எடுத்து நிறுவப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது இனி ஏறாது.

அறிகுறி: சின்னத்தைக் காணவில்லை

பெரும்பாலும் ஒளிந்திருக்கும். கருவிப்பட்டையில் புதிர்த் துண்டு போன்ற பொத்தான் ஒன்று இருக்கும், அதை அழுத்துங்கள். ஃபயர்பாக்ஸில் இந்தப் பொத்தான் 2023 ஜனவரியில் 109-ஆம் பதிப்போடு வந்தது. தேவையான துணைநிரலைக் குண்டூசிப் படத்தாலோ, வலது சொடுக்கிலோ பட்டையில் நிறுத்திவிடலாம்.

அறிகுறி: பட்டியலில் இருக்கிறது, இயங்குகிறது என்கிறது, ஆனால் ஒன்றும் செய்யவில்லை

முதலில் உலாவியை முழுக்க மூடித் திறங்கள். மடிக்கணினியின் மூடியைச் சாத்திவைத்து, மறுநாள் திறந்து, வாரக்கணக்கில் அப்படியே ஓட்டுகிறவர்களிடம் உலாவி புதுப்பிப்பைப் பின்னால் இறக்கிவைத்துக்கொண்டு மறுதொடக்கத்துக்குக் காத்திருக்கும். அந்த இடைப்பட்ட நிலையில் பல துணைநிரல்கள் தடுமாறும்.

மூடித் திறந்தும் சரியாகவில்லையா? அனுமதியைப் பாருங்கள். துணைநிரலின் புதுப் பதிப்பு கூடுதல் அனுமதி கேட்டால், நீங்கள் சம்மதிக்கும்வரை குரோம் அதை அணைத்துவைக்கும். ஃபயர்பாக்ஸ் பழைய பதிப்பையே ஓட்டிக்கொண்டு, புதியதை வாசலில் நிறுத்திவைக்கும். இரண்டிலும் மெனு ஓரத்தில் சிறு அறிவிப்பு ஒன்று வரும், கண்ணில் படாமல் போய்விடும். சம்மதிக்கும் முன் என்ன கேட்கிறது என்று படியுங்கள். அகராதித் துணைநிரல் நீங்கள் திறக்கும் பக்கத்தைப் படிக்கக் கேட்பது நியாயம். கடிகாரம் காட்டும் துணைநிரல் எல்லாத் தளங்களின் தரவையும் கேட்டால் நான் சம்மதிக்க மாட்டேன்.

தனிப்பட்ட சாளரத்தில் (பிரைவேட், இன்காக்னிட்டோ) மட்டும் வேலை செய்யவில்லை என்றால் அது பழுதே இல்லை. அங்கே ஓட, துணைநிரலின் விவரப் பக்கத்தில் தனியாக அனுமதிக்க வேண்டும்.

அடுத்து, குற்றவாளி துணைநிரல்தானா என்று உறுதிசெய்யுங்கள். ஃபயர்பாக்ஸில் ஹெல்ப் மெனுவில் டிரபிள்ஷூட் மோட் இருக்கிறது. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே திறந்தாலும் அது வரும். அதில் எல்லாத் துணைநிரல்களும் தற்காலிகமாக அணைந்திருக்கும். குரோமில் கெஸ்ட் சாளரத்தைத் திறந்தால் போதும். அங்கேயும் தளம் கெட்டே இருந்தால் துணைநிரலைக் குறை சொல்லிப் பயனில்லை. அங்கே நன்றாக இருந்தால் பாதி பாதியாக அணைத்துத் தேடுங்கள். பன்னிரண்டு இருந்தால் ஆறை அணையுங்கள். சரியானால் குற்றவாளி அந்த ஆறில் ஒன்று, இல்லையென்றால் மற்ற ஆறில். பிறகு மூன்று, பிறகு ஒன்றோ இரண்டோ. நான்கு முயற்சிக்குள் ஆளைப் பிடித்துவிடலாம். டிரபிள்ஷூட் மோட் திறக்கும்போது பக்கத்திலேயே ரிஃப்ரெஷ் ஃபயர்பாக்ஸ் என்று ஒரு பொத்தான் தெரியும். அதைத் தொடாதீர்கள், அது எல்லாத் துணைநிரல்களையும் கழற்றிவிடும்.

ஒரே ஒரு தளத்தில் மட்டும் கெட்டால் அந்தத் தளம்தான் மாறியிருக்கும். கூகுள் டாக்ஸ் 2021-இல் எழுத்தைத் திரையில் வரையும் முறையை மாற்றியது, பக்கத்திலுள்ள எழுத்தைப் படித்து வேலை செய்யும் துணைநிரல்கள் பல அங்கே குருடாகின. அப்போது உலாவியைப் பின்னோக்கித் தள்ளி ஒரு பயனும் இல்லை. துணைநிரலை எழுதியவருக்குச் சொல்லிவிட்டுக் காத்திருப்பதுதான் வழி.

கொஞ்ச நேரம் ஓடி, பிறகு மறந்துபோவதுபோல் நின்றால், அது மூன்றாம் மேனிஃபெஸ்டுக்குச் சரியாக மாற்றி எழுதப்படாத துணைநிரல். குரோமில் துணைநிரலின் பின்னணி வேலையாள் (திரைக்குப் பின்னால் ஓடும் பகுதி) 30 விநாடி சும்மா இருந்தால் தூங்கப் போய்விடும். எழும்போது முந்தைய நினைவு இருக்காது. உங்கள் பக்கத்தில் செய்ய எதுவும் இல்லை, மாற்றுத் துணைநிரலைத் தேடுங்கள்.

அறிகுறி: தமிழ் தட்டினால் ஆங்கிலம் வருகிறது, பர்மிய எழுத்து உடைகிறது

மோல்மேனிலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். "அண்ணே, அப்டேட் ஆனதுலேர்ந்து தமிழ் அடிச்சா இங்கிலீஷே வருது. கோயில் நோட்டீஸ் நாளைக்குக் குடுக்கணும்." உலாவிக்குள் தமிழ் தட்டச்சுத் துணைநிரல் வைத்திருந்தான். "தம்பி, அதை அணைச்சு வை. விண்டோஸ்லயே தமிழ் இருக்கு" என்றேன். விண்டோஸ் 10-இன் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்து, விசைப்பலகையாகத் தமிழ்99-ஐத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். விண்டோஸ் விசையோடு இடைவெளி விசையைத் தட்டினால் மொழி மாறும். தமிழ்99-இல் ம-வை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானே புள்ளி விழுந்து "ம்ம" வரும். "அம்மா" என்று தட்டிக் காட்டியதும் பிடித்துக்கொண்டான். பத்தே நிமிடம். இனி எந்த உலாவி எத்தனை முறை புதுப்பித்தாலும் அவனுடைய தமிழுக்கு ஆபத்தில்லை. விண்டோஸோ உலாவியோ தானே செய்யும் வேலைக்குத் துணைநிரலை நம்பாதீர்கள் என்று எல்லோரிடமும் நான் சொல்வது இதனால்தான்.

பர்மிய எழுத்து உடைவது வேறு கதை. பல வருடங்களாக இங்கே ஸாஜி எழுத்துருதான் ஆண்டது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொது முறைதான் யூனிகோட். அது பர்மிய எழுத்துகளுக்கு ஒதுக்கிய அதே எண்களை ஸாஜி வேறு பொருளில் பயன்படுத்தியது, மோன், ஷான், கரேன் எழுத்துகளுக்குரிய இடங்களையும் எடுத்துக்கொண்டது. நாடு 2019 அக்டோபர் 1-இல் அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறியது. யூனிகோடுக்கு முன் டிஸ்கி, டேப், பாமினி என்று ஆளுக்கொரு எழுத்து முறையால் நம் தமிழ் பட்ட பாட்டை நினைத்துக்கொண்டால் அந்த நாள் எவ்வளவு பெரியது என்று புரியும். அதற்கு முன் ஸாஜிப் பக்கங்களை யூனிகோடாக மாற்றிக் காட்டும் துணைநிரலைப் பலரும் போட்டிருந்தார்கள். அது இன்னும் உங்கள் உலாவியில் இருந்தால், ஏற்கெனவே யூனிகோடில் இருக்கும் பக்கத்தையும் மாற்றப் போய்க் கெடுக்கக்கூடும். அடையாளம் எளிது: அதே பக்கத்தில் தமிழ் எழுத்து நன்றாக இருக்கும், பர்மியம் மட்டும் கொம்பும் வட்டமும் இடம் மாறிக் கிடக்கும். தமிழுக்கு வேறு எண் வரிசை என்பதால் அது தப்பிவிடுகிறது. மாற்றித் துணைநிரலை அணைத்துப் பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். அப்போதும் உடைந்தே தெரிந்தால் கணினியில் ஸாஜி எழுத்துரு நிறுவப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸோடு வரும் மியான்மர் டெக்ஸ்ட் எழுத்துருவே போதும். பழைய ஸாஜிக் கோப்புகளைப் படிக்க மட்டும் அந்தத் துணைநிரலை அணைத்த நிலையில் வைத்திருந்து, வேண்டும்போது இயக்குங்கள்.

அறிகுறி: பழைய பதிப்புக்குத் திரும்பினேன், உலாவி உள்ளேயே விட மறுக்கிறது

ஃபயர்பாக்ஸ் 67 முதல், புதிய பதிப்பு தொட்ட சுயவிவரத்தை (உங்கள் அமைப்புகளும் துணைநிரல்களும் இருக்கும் ப்ரொஃபைல் உறையை) பழைய பதிப்பு திறக்காது. புதிய சுயவிவரம் தொடங்கு அல்லது வெளியேறு என்று மட்டும் கேட்கும். பதறாதீர்கள். உங்கள் பழைய சுயவிவரம் அழியவில்லை. புதிய பதிப்பையே திரும்ப நிறுவி, ஹெல்ப் மெனுவின் டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் பக்கத்திலிருந்து ப்ரொஃபைல் பட்டியலுக்குப் போய்ப் பழையதைத் தேர்ந்தெடுங்கள்.

உலாவியைப் பின்னோக்கித் தள்ளுவதற்குப் பதிலாகத் துணைநிரலைத் தள்ளலாம். ஃபயர்பாக்ஸின் துணைநிரல் கடையில் ஒவ்வொன்றின் பழைய பதிப்புகளும் கிடைக்கும். வேலை செய்த பதிப்பை, இருப்பதன் மேலேயே நிறுவி, விவரப் பக்கத்தில் தானியங்கிப் புதுப்பிப்பை அதற்கு மட்டும் நிறுத்துங்கள். குரோம் கடையில் இந்த வசதி இல்லை.

மாதாமாதம் மாறுவதே தொல்லை என்பவர்களுக்கு ஃபயர்பாக்ஸ் நீண்டகாலப் பதிப்பு இருக்கிறது. பாதுகாப்புத் திருத்தங்கள் தவறாமல் வரும், பெரிய மாற்றங்கள் வருடத்துக்கு ஒருமுறைதான். தமிழ் வகுப்பு, அச்சகம், கோயில் அலுவலகம் என்று பலர் கைபடும் கணினிகளுக்கு நான் இதைத்தான் நிறுவுகிறேன்.

அறிகுறி: விண்டோஸ் 7 கணினி, துணைநிரல் கடை "உங்கள் உலாவி பழையது" என்கிறது

விண்டோஸ் 7-க்கு வந்த கடைசி குரோம் 109, அது 2023 ஜனவரியில். ஃபயர்பாக்ஸில் நீண்டகாலப் பதிப்பு 115 வரை. அந்தக் கணினியில் குரோமோடு போராடாமல் 115 வரிசையின் கடைசித் திருத்தத்தைப் போடுங்கள். வங்கிக் கணக்கை மட்டும் அதில் திறக்காதீர்கள்.

அறிகுறி: புதுப்பித்த பிறகு புது விளம்பரங்கள், தேடுபொறி மாறியிருக்கிறது

இந்த ஒன்றில் மட்டும் முதலில் சொன்ன வேண்டுகோளை மாற்றிக்கொள்கிறேன். உங்களுக்குத் தெரியாமல் துணைநிரல் கைமாறியிருக்கலாம். தி கிரேட் சஸ்பெண்டர் என்ற குரோம் துணைநிரலை எழுதியவர் 2020-இல் அதை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். 2021 பிப்ரவரியில் கூகுள் அதைத் தீங்கு நிரல் என்று சொல்லிக் கடையிலிருந்தே எடுத்தது. பாதி பாதியாக அணைக்கும் முறையிலேயே சந்தேகப்பட்டதைக் கண்டுபிடியுங்கள். உள்ளே உங்கள் குறிப்பு ஏதாவது இருந்தால், எக்ஸ்போர்ட் வசதி இருந்தால் அதிலும் இல்லையென்றால் கையால் நகலெடுத்தும் வெளியே எடுத்துவிடுங்கள். பிறகு அதை நீக்கிவிட்டு, வேறொரு கணினியிலோ போனிலோ உட்கார்ந்து மின்னஞ்சல் கடவுச்சொல்லை அன்றைக்கே மாற்றுங்கள்.